வாய்க்காலுக்குச் சாதி தெரியும்

சம்பா பருவத்தில் மருந்தடித்த மறுநாள் காலையில் வடிகால் வாய்க்காலுக்குப் போய்ப் பாருங்கள். கெண்டைப்பொடியும் அயிரையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். குரவை மட்டும் வாயை மேலே நீட்டித் தத்தளிக்கும். காற்றை நேராகக் குடிக்கிற மீன் அது, அதனால் கொஞ்சம் தாங்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன் அலுமினியச் சட்டியோடு இறங்கி அள்ளிக்கொண்டு வருவார்கள். நாங்களும் அப்படி அள்ளி வளர்ந்தவர்கள்தான். வலை வேண்டாம், ஊத்தா வேண்டாம், தூண்டில் வேண்டாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன்குழம்பு.

அந்தக் குழம்பு ஊர்த்தெருவில் கொதிக்காது. "மருந்து மீனு, அதுங்கதான் தின்னும்" என்று சொல்வார்கள். அந்த மருந்தை வாங்கியவரும் அடிக்கச் சொன்னவரும் அப்படிச் சொல்கிறவர்தான். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தவர் எங்கள் சித்தப்பா.

பூச்சிக்கொல்லியைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். மண் செத்துப்போனதைப் பற்றி, தேனீ குறைந்ததைப் பற்றி, நகரத்துத் தட்டில் விழுகிற காய்கறியைப் பற்றி. எல்லாம் சரிதான். நாங்கள் வாய்க்காலில் மிதந்த அந்த மீனின் கல்லீரலில் இருந்து தொடங்குகிறோம். ஏனென்றால் அந்தக் கல்லீரலுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால், அதை அள்ளித் தின்ற உடலுக்கும், மருந்தடித்த உடலுக்கும் என்ன நடக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

மீனின் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் நஞ்சு செவுளின் மெல்லிய தோலைத் தாண்டி நேராக ரத்தத்தில் கலக்கிறது. இரையோடு இன்னொரு பங்கு உள்ளே போகிறது. எப்படிப் போனாலும் அதைச் சுத்தம் செய்ய வேண்டிய பொறுப்பு கல்லீரலுக்கு. அங்கே இருக்கிற நொதிகள் நஞ்சை உடைத்து, தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றி வெளியே தள்ளப் பார்க்கின்றன. கொஞ்சம் என்றால் தள்ளிவிடும். பருவத்துக்குப் பருவம், அடிக்கு மேல் அடி விழுந்தால் கல்லீரலே அடி வாங்கும்.

சேமித்து வைத்த கிளைக்கோஜன் கரைகிறது. செல்களுக்குள் கொழுப்பும் வெற்றுக் குமிழ்களும் சேர்கின்றன. உட்கரு சுருங்குகிறது. செல் வரிசைகளுக்கு நடுவே இருக்கிற நுண்ணிய ரத்தப் பாதைகள் விரிந்து ரத்தம் தேங்குகிறது. கடைசியில் செல்கள் திட்டுத் திட்டாகச் சாகின்றன. சாகும் செல்லில் இருந்து நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. மஞ்சள் காமாலை வந்தால் ஆஸ்பத்திரியில் நமக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களே, அதே நொதிகள்தான். மீனுக்கும் அதை வைத்தே கல்லீரலின் சேதத்தை அளக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெண்மீனின் முட்டைக்குள் போகும் மஞ்சள்கருப் புரதம் கல்லீரலில்தான் உருவாகிறது. கல்லீரல் கெட்டால் முட்டை கெடும். அதாவது ஒரு மீன்கூட மிதக்காமலேயே ஒரு குளத்தின் மீன் இனம் குறைந்துபோகலாம். மிதந்த மீனைத்தான் நாம் பார்க்கிறோம். பிறக்காமல் போன மீனுக்குக் கணக்கு ஏது? "முன்னெல்லாம் வாய்க்கால்ல கால வச்சா அயிரை கடிக்கும்" என்று எங்கள் அப்பாயிகள் சொல்வது பழங்கதை இல்லை. அது ஒரு புள்ளிவிவரம். எழுதி வைக்க ஆளில்லாத புள்ளிவிவரம்.

இப்போது குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். இவை உடலுக்குள் வரும்போது இருக்கிற நஞ்சைவிட, கல்லீரலுக்குள் போன பிறகு உண்டாகும் நஞ்சு கொடியது. கல்லீரலின் நொதி அதில் இருக்கும் கந்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆக்சிஜனை வைக்கிறது. அப்படி மாறிய பொருளுக்கு ஆக்சான் என்று பெயர். நரம்புக்கும் தசைக்கும் நடுவே போகும் செய்தியை நிறுத்தி வைக்கும் நொதியை அது முடக்கிவிடும். செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மீன் துடிக்கும், சுழலும், பிறகு மிதக்கும். மனிதருக்கு வேர்க்கும், எச்சில் ஊறும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், பார்வை மங்கும், வாந்தி வரும், மூச்சு முட்டும்.

மீனின் கல்லீரல் செய்வதையேதான் சித்தப்பாவின் கல்லீரலும் செய்கிறது. மருந்தடித்துவிட்டு வந்த ராத்திரி அவர் "கண்ணு மங்குது, வாயெல்லாம் எச்சி ஊறுது" என்று சொல்வார். வீட்டில் மோரைக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். "வெயில்ல நின்னது, தூங்குனா சரியாயிடும்." மறுநாள் எழுந்து இன்னொருவர் வயலுக்குப் போவார். அவர் உடம்பில் நடந்ததற்குப் பெயர் இருக்கிறது, அளக்கச் சோதனை இருக்கிறது, முறிக்க மருந்தும் இருக்கிறது. இது எதுவும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

டப்பாவில் எழுதியிருக்கிறதே என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது? சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு முக்கோணம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, பச்சை என்றால் குறைந்த நஞ்சு. இந்த நிறம் எதை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது தெரியுமா? எலி போன்ற பாலூட்டிகளுக்கு வாய் வழியாகவோ தோல் வழியாகவோ கொடுத்தால் எவ்வளவில் சாகும் என்பதை வைத்து. மீனை வைத்து அல்ல. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் பாலூட்டிகளைவிட மீனுக்குப் பன்மடங்கு கொடியவை. அந்த நஞ்சை உடைக்கும் திறன் மீனின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே பல மீன்கள் செத்துவிடும்.

மைக்ரோகிராம் என்றால் கண்ணுக்குப் படாத கணக்கு. நம் கணக்கில் சொல்வோம். ஐம்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள குட்டையில் 10 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் ஒரே ஒரு கிராம் நஞ்சு கரைந்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். பத்து சதவீத சைபர்மெத்ரின் 100 மில்லி பாட்டிலில் சுமார் பத்து கிராம் நஞ்சு இருக்கும். சேற்றில் ஒட்டிக்கொள்வது, வெயிலில் சிதைவது எல்லாம் போகட்டும். ஸ்பிரேயர் டேங்கை வாய்க்காலில் அலசுகிற அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று இப்போது யோசியுங்கள்.

அலசுவது யார் என்று உடனே கேட்பீர்கள். எங்கள் ஆள்தான். அலச வேறு இடம் எங்கே கொடுத்தார்கள்? வயல்காரரின் மோட்டார் கொட்டகையில் வைத்து அலச விடுவார்களா?

"விஷத்துக்குச் சாதி தெரியுமா? எதற்கெடுத்தாலும் சாதியைக் கொண்டுவந்து நுழைக்கிறீர்களே" என்று ஒரு கேள்வி வரும். முற்போக்கு பேசும் நண்பர்களிடமிருந்தே வரும். விஷத்துக்குச் சாதி தெரியாது, ஒப்புக்கொள்கிறோம். வாய்க்காலுக்குத் தெரியும். ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும். பாசன வாய்க்கால் ஊர்ப்பக்கம் வரும், வடிகால் சேரிப்பக்கம் போகும். இதை வெட்டியவர்கள் தண்ணீரின் ஓட்டத்தை மட்டும் பார்த்து வெட்டவில்லை. மேலே திறக்கும் மடையில் இருந்து கழிந்து வருவதெல்லாம் எங்கள் வாசலுக்கு வருகிறது. அங்கேதான் பிள்ளைகள் குளிக்கிறார்கள், மாடு குடிக்கிறது, மீன் கிடைக்கிறது.

மீன் என்றால் எங்களுக்கு ருசி மட்டும் அல்ல. நிலமில்லாதவருக்கு வயல் கொடுத்த ஒரே கூலியில்லாப் புரதம் அது. நண்டும் நத்தையும் அயிரையும் குரவையும் காசு கொடுத்து வாங்காத சாப்பாடு. ஏரியிலும் குளத்திலும் மீன் குத்தகை ஏலம் எடுப்பவர் யார், எடுக்க விடாமல் தடுக்கப்படுகிறவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். மிச்சம் இருந்தது வயலும் வாய்க்காலும்தான். காசுள்ள வீட்டில் பெரிய மீனை வாங்கிக் குடலையும் ஈரலையும் எடுத்து எறிந்துவிட்டுச் சதையைச் சமைக்கிறார்கள். எங்கள் வீட்டு அயிரை முழுசாகக் குழம்பில் விழுகிறது. தலை, குடல், ஈரல், எல்லாம் சேர்த்து. நஞ்சைச் சுத்தம் செய்யப் போராடித் தோற்ற அந்த ஈரலையும் சேர்த்துத்தான் நாங்கள் தின்கிறோம்.

வரலாற்றையும் பார்ப்போம். 1960-களில் தஞ்சை டெல்டாவுக்குப் புதிய நெல் ரகங்களும் உரமும் பூச்சிக்கொல்லியும் ஒன்றாக வந்தன. விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதே 1968-ல்தான் இந்திய நாடாளுமன்றம் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை நிறைவேற்றியது. பத்து வருடம் முன்பு, 1958-ல், கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததன் தொடர்ச்சியாக வந்த சட்டம் அது. இரண்டும் ஒரே வருடம். பசுமைப் புரட்சியின் கதையைச் சொல்கிறவர்கள் நெல் மூட்டையை எண்ணிச் சொல்கிறார்கள். நாங்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம்.

அந்தச் சட்டத்தின் கீழ் 1971-ல் விதிகள் வந்தன. எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்களை வேலைக்கு முன்பும் அதன் பிறகு குறித்த இடைவெளிகளிலும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பாஸ்பரஸ் மருந்துகளைக் கையாள்பவரின் ரத்தத்தில் கோலின்எஸ்ட்ரேஸ் அளவைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பாதுகாப்பு உடை, கையுறை, முகமூடி இருக்கிறது. காலி டப்பாவையும் கழுவிய தண்ணீரையும் நீர்நிலை மாசுபடாமல் அப்புறப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் மருந்தடித்து நரைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட ஒருமுறைகூட அந்த ரத்தச் சோதனை எடுக்கப்பட்டதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

விதி காகிதத்தில் தூங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளியில் மதிய உணவு தின்ற 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் வருடக்கணக்காக வானத்தில் இருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை போட்டது 2011-ல். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் உடம்பே ஆதாரமாகிவிட்டது.

சட்டத்தின் இன்னொரு விசித்திரத்தைப் பாருங்கள். 1897-ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டப்படி மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு தண்ணீரில் நஞ்சு கலந்தால் குற்றம். குட்டையில் நஞ்சு ஊற்றி நாலு கெளுத்தி பிடிக்கிறவர் குற்றவாளி. நெல்லைக் காப்பாற்ற அடித்த மருந்து வடிந்து அதே குட்டையின் மொத்த மீனும் செத்தால் அங்கே 'நோக்கம்' இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. பசிக்காகச் செய்தால் தண்டனை, லாபத்துக்காகச் செய்தால் விவசாயம்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகள் சிலர் குருணை மருந்தைக் குட்டையில் தூவி மீன் பிடிக்கிறார்கள். அது தவறு. வறுமையைக் காரணம் காட்டி அதை மூடி மறைக்க நாங்கள் தயாராக இல்லை. அந்த மீனைத் தின்பதும் நம் வீடுதான், பக்கத்துத் தெருவில் விற்றால் அதைத் தின்பதும் நம் போன்ற வீடுதான். இன்றே நிறுத்துங்கள். நம் தெருவைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் இருந்தால்தான் ஊர்த்தெருவைப் பார்த்துக் கேட்கும் உரிமை வரும்.

"சிறு விவசாயி என்ன செய்வான், அவனும் கடனில்தானே கிடக்கிறான்" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். இரண்டு ஏக்கர்க்காரர் மருந்துக் கடையில் கடன் சொல்லித்தான் வாங்குகிறார். எதை அடிக்கலாம் என்று அவருக்குச் சொல்வதும் பெரும்பாலும் கடைக்காரர்தான். விற்கிறவரே வைத்தியர். அந்தக் கொள்ளையை எதிர்ப்பதில் நாங்கள் அவரோடு நிற்போம். ஆனால் கடனில் இருப்பவர் தன் முதுகில் டேங்கை மாட்டாமல் எங்கள் முதுகில் மாட்டும்போது அந்த வறுமைக்குள்ளும் ஒரு படிநிலை இருக்கிறது. படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது இதைத்தான். மருந்து தெளித்த வயலில் இறங்கி முழங்கால் தண்ணீரில் களை பறிக்கும் நம் பெண்களுக்குக் கையுறை கேட்டால், "சேத்துல எறங்குற காலுக்கு என்ன உறை" என்று சிரிக்கிறவர்களில் சிறு விவசாயியும் உண்டு.

இனி விலங்கியலும் மீன்வளமும் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் பேச வேண்டும். உங்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி. மீனின் கல்லீரலை மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தட்டில் வைத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய ஆய்வேடுகளுக்கு இந்த நாட்டில் குறைவில்லை. ரோகு, கட்லா, சிலேபி, குரவை என்று எல்லா மீனுக்கும் இருக்கிறது. 96 மணி நேரத்தில் பாதி மீன் சாகும் அளவு என்ன என்று பட்டியல் இருக்கிறது. நாங்கள் படித்த பல ஆய்வேடுகளில் கடைசிப் பக்கம் ஒரே மாதிரி முடிகிறது: பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். யார் ஒழுங்குபடுத்த வேண்டும்? யார் பயன்படுத்துகிறார்? அந்த மீனை யார் தின்கிறார்? கேள்வியே இல்லை.

தொட்டியில் அளந்து ஊற்றிய நஞ்சில் மீனை வைத்துப் பார்க்கும் அறிவு வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் தெருவின் வடிகாலில் இருந்து ஒரு குரவையை எடுத்து அதன் கல்லீரலையும் பாருங்கள். வழிகாட்டி சம்மதிக்க மாட்டார், "ஃபீல்டு எல்லாம் வேண்டாம்பா" என்பார். கேட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் அப்பா மருந்தடித்தவர் என்பதை ஆய்வுக்கூடத்தில் மறைக்காதீர்கள். அந்தத் தொட்டிக்கு அருகில் நிற்கிறவர்களில் வாய்க்காலை அறிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

செயல்பாட்டில் இருக்கும் தோழர்களுக்கு நான்கு வேலைகள்.

ஒன்று, எழுதி வையுங்கள். எந்த நாள், எந்த வயல், எந்த மருந்து, டப்பாவின் படம், வாய்க்காலில் மிதந்த மீனின் படம், அடித்தவருக்கு அன்றிரவு என்ன ஆனது. ஒரு பருவம் முழுக்க ஒரு நோட்டு போதும். காசர்கோட்டு மக்கள் இப்படிச் சேர்த்த கணக்குதான் அவர்கள் போராட்டத்துக்கு முதுகெலும்பாக இருந்தது.

இரண்டு, கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். ஸ்பிரேயர் கழுவத் தனி இடம், காலி டப்பாவைத் திரும்ப வாங்கும் பொறுப்பு கடைக்கு, மருந்தடிப்பதை முந்தைய நாளே சேரிக்கு அறிவிக்கும் கட்டாயம். தீர்மானம் தோற்றாலும் நோட்டில் ஏறட்டும்.

மூன்று, 1971 விதிகளை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் மருந்தடிக்கும் தொழிலாளர் எத்தனை பேருக்குக் கோலின்எஸ்ட்ரேஸ் பரிசோதனை நடந்தது? பூஜ்யம் என்று பதில் வந்தால் அந்தப் பூஜ்யம்தான் நம் முதல் ஆவணம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்தச் சோதனை வேண்டும் என்பது நம் கோரிக்கை.

நான்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அடி உதைக்கும் வசவுக்கும் மட்டும் உரியதாகப் பார்க்காதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைப் பாழ்படுத்துவதும் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. எல்லா வடிகாலுக்கும் அது பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லியும் கேளாமல், சேரிப் பிள்ளைகள் குளிக்கும் குளத்தில் டேங்கைக் கழுவச் சொல்கிறவர் மீது அதைப் பயன்படுத்திப் பார்க்காமல் விட்டது நம் பிழை. வழக்கறிஞர் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். தண்ணீரைத் தொடும் உரிமைக்கான போராட்டம் அது. இன்றைக்கு எங்கள் தெரு வாய்க்காலைத் தொட யாரும் தடுக்கவில்லை. தாராளமாகத் தொடலாம், குளிக்கலாம், மீனை அள்ளலாம். எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதுதான் அந்தப் போராட்டத்தின் மிச்ச வேலை.

இப்போதெல்லாம் மீன் மிதக்கும் காலையில் நாங்கள் பிள்ளைகளை வாய்க்காலில் இறங்க விடுவதில்லை. சட்டியோடு நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்பும்போது அவர்கள் ஒன்று கேட்கிறார்கள்: "அப்ப இன்னைக்கு என்ன கொழம்பு?" இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. மருந்தை விற்றவரும், வாங்கியவரும், அடிக்கச் சொன்னவரும், விதியை எழுதிவிட்டு மறந்த அரசும்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்ல வைப்போம்.